மட்டையும் கடிகாரமும்: ரிக் சார்ல்ஸ்வொர்த், அன்றும் இன்றும்

2010 அக்டோபர் 14. டெல்லியின் தியான் சந்த் அரங்கில் காமன்வெல்த் விளையாட்டு ஹாக்கியின் இறுதி ஆட்டம். லீக் சுற்றில் பாகிஸ்தானை 7-4 என்று வென்று, அரையிறுதியில் இங்கிலாந்தைப் பெனால்டியில் தாண்டி வந்திருந்தது இந்திய அணி. ஊரே திரண்டிருந்தது. ஆட்டம் முடிந்தபோது பலகையில் ஆஸ்திரேலியா 8, இந்தியா 0.

அந்த 8 கோல்களைவிட எனக்கு உறுத்தலாக இருந்தது, ஆஸ்திரேலிய அணிக்காக வெளியே நின்றுகொண்டிருந்த மனிதர். இரண்டே ஆண்டுகளுக்கு முன் அவரை நாம் நம் நாட்டுக்கு அழைத்து வந்திருந்தோம். இந்திய ஹாக்கியைத் தூக்கி நிறுத்தும் திட்டத்தில் தொழில்நுட்ப இயக்குநர் பதவி. சில மாதங்களிலேயே நிர்வாகத்தோடு ஒத்துவராமல் அவர் கிளம்பிப் போனார். 2008-ல் நமக்குச் சொல்ல வந்ததை 2010-ல் எதிர்ப்பக்கம் நின்று சொல்லிவிட்டுப் போனார் என்றுதான் அன்று தோன்றியது.

ரிக் சார்ல்ஸ்வொர்த். பிறந்தது 1952-ல், மேற்கு ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரை ஒட்டிய சுபியாகோவில். ஹாக்கி ஆட்டக்காரர், கிரிக்கெட் தொடக்க ஆட்டக்காரர், மருத்துவர், நாடாளுமன்ற உறுப்பினர், பயிற்சியாளர். அவர் படித்தது மருத்துவம். ஆனால் மனித உடல் எவ்வளவு நேரம் வேகமாக ஓடும், எப்போது சோரும், எத்தனை நிமிடத்தில் மீளும் என்ற கேள்விகளை ஹாக்கி மைதானத்துக்குள் கொண்டுவந்து, அதற்கேற்ப ஒரு விளையாட்டையே வேறு மாதிரி ஆட வைத்தவரை விளையாட்டு விஞ்ஞானி என்று சொல்லாமல் வேறென்ன சொல்ல?

அவர் கதையைச் சொல்ல வேண்டுமானால் அவர் பிறப்பதற்குச் சில ஆண்டுகள் முன்பிருந்து, அதுவும் நம் ஜபல்பூரிலிருந்து தொடங்க வேண்டும்.

பிரிட்டிஷ் இந்தியாவில் ஹாக்கி ஆங்கிலோ இந்தியர்களின் வீட்டு விளையாட்டு. ரயில்வே குடியிருப்பு, தந்தி அலுவலகம், கான்வென்ட் பள்ளி என்று அவர்கள் இருந்த இடமெல்லாம் ஒரு மைதானமும் நாலு மட்டையும் இருக்கும். 1928-ல் ஆம்ஸ்டர்டாமில் இந்தியா முதல் ஒலிம்பிக் தங்கம் வென்றபோது அணியில் பலர் ஆங்கிலோ இந்தியர்கள். நாடு விடுதலை அடைந்த காலத்தில் அவர்களில் நிறையப் பேர் கப்பலேறினார்கள். இந்தியாவிலிருந்து கிழக்கே போகும் கப்பலுக்குப் பெர்த் கரைதான் ஆஸ்திரேலியாவின் முதல் வாசல். ஜபல்பூரின் பியர்ஸ் குடும்பமும் அப்படித்தான் பெர்த்தில் இறங்கியது. அந்த வீட்டின் அண்ணன் தம்பி ஐந்து பேரும் பின்னாளில் ஆஸ்திரேலியாவுக்காக ஹாக்கி ஆடினார்கள். எரிக் பியர்ஸ் மட்டும் 1956 முதல் 1968 வரை நான்கு ஒலிம்பிக். 1964 டோக்கியோவில் ஆஸ்திரேலியா தன் முதல் ஹாக்கிப் பதக்கமான வெண்கலத்தை வாங்கியது. தங்கம் வாங்கிய இந்தியாவின் வித்தை அந்த வெண்கலத்துக்குள்ளும் கொஞ்சம் கலந்திருந்தது.

சிறுவன் சார்ல்ஸ்வொர்த் வளர்ந்த பெர்த், இந்தப் பெர்த். மணிக்கட்டைச் சுழற்றிப் பந்தை மட்டையோடு ஒட்டவைத்துக்கொண்டு போகும் ஆட்டத்தை அந்த ஊர் நம் ஆட்களிடமிருந்து நேராகவே கற்றிருந்தது.

1972 மியூனிக் ஒலிம்பிக்குக்குப் போன ஆஸ்திரேலிய அணியில் அவருக்கு வயது 20. அன்றைய ஹாக்கியை இன்றைய பிள்ளைகளுக்கு விளக்குவது கொஞ்சம் சிரமம். தரை, புல்தரை. மட்டை, மல்பெரி மரம். ஜலந்தரிலோ சியால்கோட்டிலோ வளைத்துச் செதுக்கியது. ஆட்டம் 35 நிமிடம் வீதம் இரண்டு பாதி. ஆடத் தொடங்கிய 11 பேர்தான் ஏறக்குறைய கடைசிவரை ஆட வேண்டும். வெளியே போனவர் திரும்ப வர முடியாது. அதனால் ஆட்டக்காரர்கள் மூச்சைச் சிக்கனமாகச் செலவழித்தார்கள். பந்து மறுபக்கம் இருக்கும்போது நின்றார்கள், நடந்தார்கள். சேமித்த மூச்சைத் தங்கள் பக்கம் பந்து வரும்போது செலவழித்தார்கள். கலை மிளிர்ந்ததற்கு அந்த நிதானமும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். மியூனிக்கில் இந்தியா ஆஸ்திரேலியாவை 3-1 என்று வென்றது. இந்த ஸ்கோரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

நான்கே ஆண்டுகளில், 1976 மாண்ட்ரியலில், ஒலிம்பிக் ஹாக்கி முதல்முறையாகச் செயற்கைத் தரைக்கு மாறியது. அங்கே லீக் சுற்றில் ஆஸ்திரேலியா நம்மை 6-1 என்று அடித்தது. இந்தியா ஏழாம் இடம். ஆஸ்திரேலியா இறுதி ஆட்டம்வரை போய் நியூசிலாந்திடம் 0-1 என்று தோற்று வெள்ளி வாங்கியது. அதில் சார்ல்ஸ்வொர்த் பெற்ற வெள்ளிதான் ஆட்டக்காரராக அவர் பெற்ற ஒரே ஒலிம்பிக் பதக்கம்.

'ஆஸ்ட்ரோ டர்ஃப் வந்துதான் நம்மைக் கவிழ்த்தது' என்று நம் ஊர் டீக்கடையிலிருந்து டெல்லி அலுவலகம்வரை இன்றைக்கும் சொல்கிறார்கள். பாதி உண்மை. புல்லில் பந்து தயங்கும், எகிறும். அதை அடக்கி ஆள்வதே வித்தை. செயற்கைத் தரையில் பந்து வழுக்கிக்கொண்டு பறக்கும். அதன் பின்னால் ஓட கால் வேண்டும், நுரையீரல் வேண்டும். அப்படிப்பட்ட தரை நம்மிடம் வெகுகாலம் இல்லை என்பதும் உண்மை. ஆனால் சார்ல்ஸ்வொர்த்தும் புல்லில் ஆடி வளர்ந்தவர்தான். தரை மாறியதும் அவர் புலம்பாமல், இந்தத் தரை என் உடம்பிடம் என்ன கேட்கிறது என்று பார்த்தார். மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்தவருக்கு அந்தக் கேள்வி இயல்பாக வந்திருக்கும். மறுபாதி உண்மையை நாம் கேட்டுக்கொள்ளவே பல ஆண்டுகள் ஆயிற்று.

அந்த நாட்களில் ஒருவரே இத்தனையும் செய்ய முடிந்தது என்பதுதான் இன்று நம்ப முடியாத விஷயம். கோடையில் மேற்கு ஆஸ்திரேலிய அணிக்காக இடக்கைத் தொடக்க ஆட்டக்காரராகக் கிரிக்கெட். குளிர்காலத்தில் ஹாக்கி. நடுவில் மருத்துவமனை. ஹாக்கியில் காசு கிடையாது. ஆடியவர்கள் எல்லாரும் வேறு பிழைப்பு வைத்திருந்தார்கள். இன்று ஒரு தேசிய அணி ஆட்டக்காரர் காலை எழுந்த எடையிலிருந்து இரவு தூங்கிய நேரம்வரை ஆப்பில் பதிவிட வேண்டியிருக்கிறது. அவர் கிரிக்கெட்டும் ஆடிவிட்டு மருத்துவமும் பார்ப்பேன் என்றால் உடற்தகுதிப் பயிற்றுநர் மயங்கி விழுவார்.

1980 மாஸ்கோவுக்கு ஆஸ்திரேலிய அணித் தலைவராகப் போக வேண்டியவர் சார்ல்ஸ்வொர்த். ஆப்கானிஸ்தானுக்குள் சோவியத் படை நுழைந்ததை எதிர்த்துப் பல நாடுகள் ஒலிம்பிக்கைப் புறக்கணித்தன. ஆஸ்திரேலியா அணி அனுப்பியது. ஆனால் ஹாக்கி அணி போகவில்லை. பாகிஸ்தான், மேற்கு ஜெர்மனி, நெதர்லாந்து எவையும் வரவில்லை. அந்த ஒலிம்பிக்கில்தான் சென்னைக்காரர் வாசுதேவன் பாஸ்கரன் தலைமையில் இந்தியா ஸ்பெயினை 4-3 என்று வென்று தன் எட்டாவது ஹாக்கித் தங்கத்தை எடுத்தது. நமக்கு அது பாஸ்கரனின் தங்கம். பெர்த்தில் அது ஆடக் கிடைக்காத ஒலிம்பிக். 28 வயது, உச்சத்தில் இருக்கும் உடம்பு, கைக்கு வந்த தலைமை, எல்லாம் அரசியலில் கரைந்தது. மூன்றாண்டு கழித்து 1983-ல் அவரே அரசியலுக்குள் போனார். தொழிற்கட்சி சார்பில் பெர்த் தொகுதியிலிருந்து தேர்வாகி, 1993வரை பத்தாண்டு நாடாளுமன்றத்தில் இருந்தார்.

பெர்த்துக்கும் தலைநகர் கான்பெராவுக்கும் இடையே 3,000 கிலோமீட்டருக்கு மேல். தொகுதி ஒரு கரையில், நாடாளுமன்றம் மறுகரைப் பக்கம். இதற்கு நடுவே 1984, 1988 ஒலிம்பிக்குகளிலும் ஆடினார்; இரண்டிலும் ஆஸ்திரேலியா நான்காம் இடம். 1986-ல் லண்டனில் நடந்த உலகக் கோப்பையை ஆஸ்திரேலியா முதல்முறையாக வென்றது. தொடரின் சிறந்த ஆட்டக்காரர், 34 வயதான ஒரு நாடாளுமன்ற உறுப்பினர். அதே தொடரில் இந்தியா 12 அணிகளில் 12-வது. நாட்டுக்காக 227 ஆட்டங்கள் ஆடிவிட்டு அவர் மட்டையை வைத்தார்.

ஆட்டக்காரராக அவர் வாழ்வில் ஒலிம்பிக் தங்கம் இல்லை. இரண்டாவது வாழ்வு அங்கிருந்து தொடங்குகிறது.

1993-ல் ஆஸ்திரேலியப் பெண்கள் அணியான ஹாக்கிரூஸின் பயிற்சியாளர் ஆனார். அதற்குச் சற்று முன்புதான் ஹாக்கியில் ஒரு விதி மாறியிருந்தது. எத்தனை பேரை வேண்டுமானாலும், எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். வெளியே வந்தவர் திரும்பப் போகலாம். பலருக்கு இது அடிபட்டவரையும் களைத்தவரையும் காப்பாற்றும் வசதியாகத் தெரிந்தது. மருத்துவர் கண்ணுக்கு வேறொன்று தெரிந்தது.

தசைக்குள் பாஸ்ஃபோகிரியேட்டின் என்றொரு எரிபொருள் இருக்கிறது. சில நொடிகள் முழு வேகத்தில் பாய்வதற்கு உதவுவது அதுதான். செலவானதில் பாதி அரை நிமிட ஓய்வில் திரும்பிவிடும். பெரும்பகுதி நிரம்ப ஏறத்தாழ மூன்று நிமிடம். ஹாக்கியோ பாய்ச்சலும் நிற்றலும் மாறி மாறி வரும் ஆட்டம். போதாததற்குக் குனிந்துகொண்டே ஓட வேண்டும். வெறுமனே ஓடுவதைவிட, அதே வேகத்தில் குனிந்து பந்தைத் தள்ளிக்கொண்டு ஓடுவது உடம்பை அதிகம் வாட்டுகிறது என்று லிவர்பூலில் தாமஸ் ரைலி போன்றவர்கள் ஆய்வகத்தில் அளந்து காட்டியிருக்கிறார்கள். ஆக, ஒருவரை 70 நிமிடம் உள்ளேயே வைத்திருந்தால் அவர் மூச்சைப் பங்கிட்டுத்தான் ஆடுவார். அவரையே சில நிமிடம் முழு வேகத்தில் ஆடவிட்டு, வெளியே எடுத்து, நிரம்பியதும் திரும்ப அனுப்பினால்? எதிரணியின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் களைத்திருக்கும் 60-வது நிமிடத்தில் நம் பக்கம் எல்லாரும் முதல் நிமிடம்போல ஓடுவார்கள்.

இந்தக் கணக்கை அவர் முழுமனதோடு ஆடிப் பார்த்தார். ஆனால் கணக்கு எளிது, மனிதர்கள் கடினம். நட்சத்திர ஆட்டக்காரரை எட்டாவது நிமிடத்தில் வெளியே கூப்பிட்டால் அவருக்கு அவமானம். வெளியே உட்கார்ந்திருப்பவர் என்றால் இரண்டாந்தரம் என்பது எந்த ஊர் அணியிலும் எழுதாத சட்டம். 'முதல் 11' என்ற எண்ணத்தையே உடைத்தால்தான் இது நடக்கும். உடைத்தார். 16 பேர் அணி. யார் முதலில் இறங்குகிறார் என்பது பேச்சே இல்லை. அடுத்து, ஒரே தலைவர் என்ற பதவிமேல் கைவைத்தார். தலைமையைப் பலரிடம் பகிர்ந்தார்.

இதற்குப் பின்னாலும் ஒரு பழைய பரிசோதனையின் நிழல் இருக்கிறது. மாக்ஸ் ரிங்கெல்மான் என்ற பிரெஞ்சு வேளாண் பொறியாளர் நூறாண்டுக்கு முன் ஆட்களைக் கயிறு இழுக்கவைத்து அளந்தார். தனியாக இழுக்கும்போது ஒருவர் காட்டும் பலம், கூட்டமாக இழுக்கும்போது குறைகிறது. ஊர்கூடித் தேர் இழுக்கும்போது வடத்தைச் சும்மா தொட்டுக்கொண்டு வருகிற ஆட்களை நாம் பார்த்ததில்லையா? தலைவர் பார்த்துக்கொள்வார் என்று மற்றவர்கள் கயிற்றைத் தளரவிடும் இந்தச் சோம்பலைப் பற்றிச் சார்ல்ஸ்வொர்த் நிறைய யோசித்தவர். தலைமை எல்லார் தோளிலும் இருந்தால் தளரவிட ஆள் இருக்காது என்பது அவர் தீர்வு. எனக்கு இதில் முழுச் சம்மதம் இல்லை. ஆட்டம் கைநழுவும் நேரத்தில் ஒருவர் முகத்தைப் பார்த்துத் தைரியம் வருகிற அணிகளும் உண்டு. ஆனால் அவர் பக்கம் கோப்பைகள் பேசுகின்றன.

1994 டப்ளின் உலகக் கோப்பை. 1996 அட்லாண்டா தங்கம். 1998 உட்ரெக்ட் உலகக் கோப்பை. 2000 சிட்னி தங்கம். ஏழெட்டு ஆண்டுகள் ஹாக்கிரூஸ் ஏறக்குறைய தோற்கவே மறந்திருந்தது. ஆட்டக்காரராகக் கிடைக்காத ஒலிம்பிக் தங்கம் பயிற்சியாளராக இரண்டு முறை வந்தது.

பயிற்சி முறையையும் மாற்றினார். அன்றைய உடற்பயிற்சி என்றால் மைதானத்தைச் சுற்றி ஓடு, படி ஏறு, மணலில் ஓடு; பிறகு தனியாக மட்டை வேலை. இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை. அவர் சிறு சிறு ஆட்டங்களை வடிவமைத்தார். குறுகிய இடம், குறைந்த ஆட்கள், தேவைக்கேற்ற விதிகள். மூச்சு வாங்கும் நிலையிலேயே பந்தைத் தடுக்கவும், ஆள் எங்கே என்று பார்க்கவும், முடிவெடுக்கவும் பழக வேண்டும். இதுபற்றி 1994-ல் ஒரு பயிற்சியாளர் இதழில் சிறு கட்டுரை எழுதினார். ஆட்டத்தைக்கொண்டே உடலையும் மூளையையும் சேர்த்துப் பயிற்றுவிப்பது பற்றி எழுதும் ஆய்வாளர்கள் இன்னும் அந்தக் கட்டுரையைச் சுட்டுகிறார்கள். ஷேக்ஸ்பியரைப் பயிற்சியாளர்களுக்குப் பாடமாக்கி ஒரு புத்தகமும் எழுதியிருக்கிறார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இதயத் துடிப்பை எண்ணுபவருக்கு இதயம் இருக்காது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

இடையில் நியூசிலாந்துக் கிரிக்கெட்டில் கொஞ்ச காலம். பிறகுதான் இந்தியா.

அவர் வந்த நேரம், நம் ஹாக்கியின் அமாவாசை. 2008 மார்ச்சில் சிலியின் சாண்டியாகோவில் பிரிட்டனிடம் 0-2 என்று தோற்று, 1928-க்குப் பிறகு முதல்முறையாக ஒலிம்பிக்குக்கே தகுதி பெறாமல் போனோம். அடுத்த மாதம் தேசியக் கூட்டமைப்பே கலைக்கப்பட்டது. அந்தக் குழப்பத்தில் ஒரு வெளிநாட்டு மருத்துவர் வந்து எதைச் சொல்லி, யார் கேட்பது? அவர் கிளம்பினார். பெர்த்துக்கு இந்தியாவிலிருந்து கப்பலில் போன வித்தை, அளவுகோலும் கடிகாரமும் சேர்ந்து வீட்டுக்குத் திரும்பி வந்தது. கதவு திறக்க ஆளில்லை.

2009-ல் அவர் ஆஸ்திரேலிய ஆண்கள் அணியான கூக்கபராஸை ஏற்றார். 2010 மார்ச்சில் அதே டெல்லி அரங்கில் ஜெர்மனியை 2-1 என்று வென்று உலகக் கோப்பை. அக்டோபரில் அந்த 8-0. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் மட்டும் வெண்கலத்தோடு நின்றது. ஆண்கள் தங்கம் அவருக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை. 2014-ல் தி ஹேக் நகரில் உலகக் கோப்பை இறுதியில் நெதர்லாந்தை அவர்கள் மண்ணிலேயே 6-1 என்று தகர்த்துவிட்டு விலகினார்.

அவர் போனபின் ஹாக்கி அவர் பக்கமே சாய்ந்துகொண்டு போகிறது. அதே 2014 வாக்கில் சர்வதேச ஆட்டம் 15 நிமிடம் வீதம் நான்கு கால் பாகமாக உடைந்தது. இடைவேளைகள் கூடின, வேகமும் கூடியது. ஆஃப்சைடு விதி 1990-களிலேயே போய்விட்டதால் மைதானம் முழுவதும் ஓடுகளம். மல்பெரி மட்டையின் இடத்தில் கார்பன் நார் மட்டை. மட்டையால் இழுத்து எறியும் டிராக் ஃபிளிக் பந்து மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டுகிறது. ஆட்டக்காரரின் முதுகில், இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில், தீப்பெட்டி அளவில் ஒரு ஜி.பி.எஸ். கருவி. எத்தனை மீட்டர் ஓடினார், அதில் பாய்ச்சல் எத்தனை, எங்கே வேகம் குறைகிறது என்பதெல்லாம் ஓரத்தில் இருக்கும் திரைக்கு வந்துவிடும். கண்ணால் பார்த்து, 'இவள் களைத்துவிட்டாள்' என்று 1990-களில் ஊகித்ததை இன்று எண் சொல்கிறது. மாற்று ஆட்டக்காரர் பெஞ்சில் யாரும் உட்கார்ந்திருப்பதாகவே தெரியவில்லை. ஒருவர் வர, ஒருவர் போக, பேருந்து நிலையம் மாதிரி இருக்கிறது. பழைய ஆட்டத்தின் அழகைத் தேடிப் போகிறவர்களுக்கு இது ஏமாற்றம்தான். பந்தை மட்டையில் ஒட்டவைத்து மூன்று பேரை ஏமாற்றிப் போகும் ஆளைப் பார்க்க இப்போது பழைய படச்சுருள்தான் கதி.

ஆனால் திறக்காத அந்தக் கதவு பிறகு மெல்லத் திறந்தது. சார்ல்ஸ்வொர்த்தின் கீழே கூக்கபராஸில் உதவிப் பயிற்சியாளராக இருந்து, அவருக்குப் பின் அந்த அணியை ஏற்றவர் கிரஹாம் ரீட். 2019-ல் அவர் இந்திய ஆண்கள் அணிக்குப் பயிற்சியாளராக வந்தார். அணியோடு அறிவியல் ஆலோசகராக ராபின் ஆர்க்கெல் என்ற தென்னாப்பிரிக்கர் இருந்தார். அப்படியொரு பதவி இருக்கிறது என்பதே 1976 அணிக்குத் தெரிந்திருக்காது. 2021 டோக்கியோ ஒலிம்பிக்கில் லீக் சுற்றில் ஆஸ்திரேலியாவிடம் 1-7 என்று வாங்கினோம். வழக்கமாக அதோடு நம் கதை முடிந்துவிடும். 2021 ஆகஸ்ட் 5 அன்று, வெண்கல ஆட்டத்தில் ஜெர்மனியிடம் 1-3 என்று பின்தங்கி, பிறகு 5-4 என்று வென்றோம். கடைசி நொடிகளில் ஜெர்மனிக்குக் கிடைத்த பெனால்டி கார்னரை கோல்கீப்பர் ஸ்ரீஜேஷ் தடுத்ததைத்தான் எல்லாரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அந்த ஈரப்பதத்தில் கடைசிக் கால் பாகத்திலும் நம் ஆட்கள் ஓடிக்கொண்டிருந்ததை நான் நினைவில் வைத்திருக்கிறேன். பாஸ்கரன் அணிக்குப் பிறகு 41 ஆண்டு கழித்து ஒரு பதக்கம்.

2024 ஆகஸ்ட் 2, பாரிஸ். மீண்டும் ஆஸ்திரேலியா. புல் இல்லை, நீலநிறச் செயற்கைத் தரை. 12-வது நிமிடத்தில் அபிஷேக் ஒரு கோல். அடுத்த நிமிடமே பெனால்டி கார்னரில் ஹர்மன்பிரீத் சிங் ஒன்று. மூன்றாம் கால் பாகத்தில் பெனால்டி ஸ்ட்ரோக்கில் இன்னொன்று. 3-2. அதற்கு முன் ஒலிம்பிக்கில் இந்தியா ஆஸ்திரேலியாவைக் கடைசியாக வென்றது மியூனிக்கில், அந்த 3-1. இடையில் 52 ஆண்டு. மியூனிக்குக்கு வந்த ஆஸ்திரேலிய அணியின் 20 வயதுப் பையனுக்கு அன்று 72.